ஊருக்குப் போகுமுன் பாட்டரியைக் கவனியுங்கள்

டிசம்பர் பிறந்துவிட்டால் டில்லியில் இருக்கும் நம்மவர்களுக்கு ஊர் நினைப்பு வந்துவிடும். சென்னையில் மார்கழிக் கச்சேரிகள், பின்னாலேயே பொங்கல், நடுவில் பிள்ளைகளுக்குக் குளிர்கால விடுமுறை. இங்கேயோ பனிமூட்டமும் புகையும். மூன்று வாரம், ஒரு மாதம் என்று வீட்டைப் பூட்டிக்கொண்டு ரயிலேறுகிறோம். போகுமுன் காஸ் சிலிண்டரை மூடுகிறோம். பாலையும் செய்தித்தாளையும் நிறுத்தச் சொல்கிறோம். துளசிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றும்படி பக்கத்து வீட்டில் சொல்லி வைக்கிறோம். வாசலில் நிற்கும் காரின் பாட்டரியையும், வீட்டுக்குள் இருக்கும் இன்வெர்ட்டர் பாட்டரியையும் மட்டும் நினைத்துப் பார்ப்பவர் குறைவு.

திரும்பி வந்த மறுநாள் காலை சாவியைத் திருப்பினால் 'டிக் டிக்' என்று ஒரு சத்தம் வரும், வண்டி கிளம்பாது. தெருமுனை மெக்கானிக் வந்து பார்த்து, "பாட்டரி பைட் கயீ" என்பார். பாட்டரி உட்கார்ந்துவிட்டதாம். உட்கார்ந்ததை எழுப்பச் சில ஆயிரம் ரூபாய் ஆகும். "என்ன செய்வது, இந்த ஊர்க் குளிர் அப்படி!" என்று குளிரின்மேல் பழியைப் போட்டுவிட்டுப் புது பாட்டரி வாங்குகிறோம்.

வாகனப் பணிமனையில் பல வருடங்கள் வேலை பார்த்தவன் நான். அதில் இரண்டு குளிர்காலங்களை லேயில் கழித்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பாட்டரியைக் கொல்வது குளிர் அல்ல, பட்டினி. வயிறு நிறைந்த பாட்டரி எந்தக் குளிரையும் தாங்கும். வெறும் வயிற்றோடு கிடக்கும் பாட்டரி டில்லிக் குளிரிலேயே படுத்துவிடும். இந்தக் கட்டுரை முழுவதும் இந்த ஒரு விஷயத்தின் விளக்கம்தான்.

பாட்டரிக்குள் என்ன நடக்கிறது?

நம் கார்களிலும் இன்வெர்ட்டர்களிலும் பெரும்பாலும் இருப்பது ஈய-அமில பாட்டரி. பிரெஞ்சு விஞ்ஞானி காஸ்டன் பிளாந்தே 1859-இல் கண்டுபிடித்தது. உறையும் தகடும் எவ்வளவோ மாறிவிட்டன. உள்ளே நடக்கும் ரசாயனம் மாறவில்லை. 12 வோல்ட் பாட்டரிக்குள் 6 அறைகள் உண்டு. ஒவ்வொரு அறையிலும் ஈயத் தகடுகளும் ஈய ஆக்ஸைடு தகடுகளும், நீர் கலந்த கந்தக அமிலத்தில் மூழ்கியிருக்கும்.

மின்சாரத்தை எடுக்க எடுக்க, அமிலத்தில் உள்ள கந்தகச் சத்து தகடுகளில் போய் ஒட்டிக்கொள்கிறது. அமிலம் நீர்த்துக்கொண்டே வருகிறது. சார்ஜ் செய்யும்போது ஒட்டியது மறுபடி அமிலத்துக்குத் திரும்புகிறது. ஆகவே சார்ஜ் நிறைந்த பாட்டரியில் இருப்பது கெட்டியான அமிலம். காலியான பாட்டரியில் இருப்பது ஏறக்குறைய தண்ணீர். இதை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானே விளங்கும்.

தகட்டில் ஒட்டுகிற பொருளின் பெயர் ஈய சல்பேட். ஒட்டிய புதிதில் அது மிருதுவாக இருக்கும். சார்ஜ் செய்தவுடன் கரைந்துவிடும். நாள்கணக்கில், வாரக்கணக்கில் அப்படியே விட்டால் இறுகிப் படிகமாகிவிடும். தோசைக்கல்லில் ஒட்டிய மாவை உடனே சுரண்டினால் வந்துவிடுகிறது. ஒரு வாரம் கழித்துச் சுரண்டினால் கல்தான் தேய்கிறது. அது போலத்தான் இதுவும். இப்படி இறுகிப்போன தகட்டின் பகுதி பிறகு எவ்வளவு சார்ஜ் செய்தாலும் வேலைக்கு உதவாது. ஒரு மாதம் காலியாகக் கிடந்த பாட்டரியைச் சார்ஜ் போட்ட பிறகும் அது பழைய தெம்புக்கு வராததற்குக் காரணம் இதுதான்.

குளிர் செய்வது என்ன?

டில்லிக்கு வந்த முதல் ஜனவரியில் நம் வீட்டுப் பெண்மணிகள் எல்லாரும் கண்டிருப்பார்கள். தோசை மாவு இரண்டு நாளானாலும் புளிக்காது. தேங்காய் எண்ணெய் சீசாவில் கட்டியாகிவிடும். பாட்டரி விஷயத்திலும் இந்த இரண்டும்தான் நடக்கின்றன. குளிரில் ரசாயன வேலை மந்தமாகிறது. பூஜ்யம் டிகிரியில், சார்ஜ் நிறைந்த பாட்டரிகூட வெயில் நாளில் தரும் உந்து சக்தியில் மூன்றில் இரண்டு பங்கைத்தான் தரும். அதே சமயம் என்ஜின் ஆயில் தடித்துப்போவதால், என்ஜினைச் சுழற்ற வழக்கத்தைவிட அதிக சக்தி வேண்டும். வரவு குறைந்து செலவு கூடும் குடும்பத்தின் நிலைமை!

2021 ஜனவரி 1-ஆம் தேதி காலை டில்லி சப்தர்ஜங்கில் 1.1 டிகிரி பதிவாயிற்று. இந்தக் குளிரில் நல்ல பாட்டரிக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் பாதி காலியான பாட்டரியிடம் அன்றைக்கு இருப்பது முழு சக்தியில் மூன்றில் ஒரு பங்குதான். அது போதாமல் 'டிக் டிக்' என்கிறது.

இன்னொரு உண்மையையும் சொல்ல வேண்டும். பாட்டரியின் ஆயுளைத் தின்பது மே, ஜூன் மாதத்து 45 டிகிரி வெயில். உள்ளே தகடு அரிப்பதும், தண்ணீர் வற்றுவதும் அப்போதுதான். வெயிலில் பட்ட அடி, குளிர் வரும்போது வெளியே தெரிகிறது. ஆகையால் மூன்று வயது தாண்டிய பாட்டரியை நவம்பரிலேயே ஒருமுறை சோதித்துவிடுவது நல்லது.

சும்மா வைத்திருக்கும் பாட்டரிக்கோ குளிர் உண்மையில் நண்பன். எதிலும் இணைக்காமல் வைத்தாலும் எந்தப் பாட்டரியும் தானாகக் கொஞ்சம் கொஞ்சம் சார்ஜை இழக்கும். நல்ல நிலையில் உள்ள கார் பாட்டரி 25 டிகிரியில் மாதத்துக்குச் சுமார் 3 முதல் 5 சதவீதம் இழக்கும். வெப்பம் 10 டிகிரி ஏறினால் இந்த இழப்பு ஏறத்தாழ இரட்டிப்பாகும். குளிர்ந்தால் அதே போலக் குறையும். நிறைய சார்ஜ் செய்து, இணைப்பைக் கழற்றி, குளிர்ந்த இடத்தில் வைத்த பாட்டரி இரண்டு மாதம் ஆனாலும் முகம் வாடாமல் இருக்கும்.

அப்படியானால் சார்ஜ் எங்கே போகிறது?

காரைப் பூட்டிவிட்டால் அது முழுவதும் தூங்கிவிடுவதில்லை. கடிகாரம், திருட்டு அலாரம், ரிமோட் பூட்டு, என்ஜின் கம்ப்யூட்டர் எல்லாம் விழித்துக்கொண்டிருக்கும். பல கார்களில் இது 20 முதல் 50 மில்லி ஆம்பியர் வரை இருக்கும். கேட்கச் சிறிய தொகை. கணக்குப் போட்டுப் பாருங்கள். 25 மில்லி ஆம்பியர் என்றால் ஒரு நாளைக்கு 0.6 ஆம்பியர்-மணி. 30 நாளைக்கு 18 ஆம்பியர்-மணி. சிறிய பெட்ரோல் கார் பாட்டரியின் கொள்ளளவே 35 ஆம்பியர்-மணிதான். பாதி போயிற்று! 50 மில்லி ஆம்பியர் என்றால் முழுவதும் போயிற்று. ஜி.பி.எஸ். கருவியோ, காமிராவோ தனியாகப் பொருத்தியிருந்தால் ஒரு மாதம்கூடத் தாங்காது.

ஊருக்குப் போகாதவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். காற்று மாசு மிகுந்த நாட்களில் பழைய வண்டிகளை எடுக்கத் தடை விதிக்கிறார்கள். மெட்ரோவில் அலுவலகம் போகிறவர்கள் வாரக்கணக்கில் காரைத் தொடுவதில்லை. நிற்கும் கார் எல்லாமே பாட்டரியைத் தின்றுகொண்டிருக்கும் கார்தான்.

எங்கள் குடியிருப்பில் ஒரு குடும்பம் பொங்கல் முடிந்து 26 நாள் கழித்துத் திரும்பியது. வந்த களைப்பில் காரைத் தொடவில்லை. மூன்றாம் நாள் இரவு 2 மணிக்கு அந்த வீட்டுப் பையன் என் கதவைத் தட்டினான். "மாமா, தாத்தாவுக்கு மூச்சு முட்டறது. கார் எடுக்க மாட்டேங்கறது. கொஞ்சம் வரேளா?" என்றான். வெளியே பத்தடிக்கு மேல் தெரியாத பனி. அந்த நேரத்தில் டாக்சியும் கிடைக்கவில்லை. அது ஆட்டோமாட்டிக் கியர் வண்டி. தள்ளியும் கிளப்ப முடியாது. என் வண்டியில் அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தோம், பிழைத்துக்கொண்டார். மறுநாள் அவர்கள் பாட்டரியைச் சோதித்தபோது 11.7 வோல்ட் காட்டியது. பெரியவர்களும் குழந்தைகளும் இருக்கும் வீட்டில் பாட்டரி என்பது சில ஆயிரம் ரூபாய் விஷயம் மட்டும் அல்ல.

வயிறு நிறைந்திருக்கிறதா என்று பார்ப்பது எப்படி?

சாதாரண மல்டிமீட்டர் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். விலை அதிகமில்லை. இரவு முழுவதும் வண்டி நின்ற பிறகு காலையில், ஸ்டார்ட் செய்யுமுன் அளக்க வேண்டும். ஓட்டி வந்தவுடன் அளந்தால் பொய்யான கணக்கு காட்டும்.

12.6 வோல்ட் அல்லது அதற்கு மேல் இருந்தால் நிறைவு. 12.4 என்றால் முக்கால். 12.2 என்றால் பாதி. 12.0 என்றால் கால். 11.8 என்றால் காலி. பார்த்தீர்களா, நிறைவுக்கும் காலிக்கும் நடுவே ஒரு வோல்ட்கூட வித்தியாசம் இல்லை. "12 வோல்ட் பாட்டரி, 12 காட்டுகிறது, சரியாகத்தானே இருக்கிறது" என்று நினைப்பவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

மூடி திறக்கும் வகை பாட்டரியானால் ஹைட்ரோமீட்டர் வைத்தும் பார்க்கலாம். மெக்கானிக்குகள் 'கிராவிட்டி' பார்ப்பது என்பார்கள். நிறைந்த கார் பாட்டரியில் 1.25-லிருந்து 1.28 வரை இருக்கும். காலியானால் 1.12 பக்கம் இறங்கிவிடும். இன்வெர்ட்டரின் டியூபுலர் பாட்டரியில் நிறைவுக்கான அளவு கொஞ்சம் குறைவாக இருக்கலாம். கூட வந்த புத்தகத்தில் போட்டிருப்பார்கள். ஆறு அறைகளில் ஒன்று மட்டும் மற்றவற்றைவிட மிகவும் குறைந்திருந்தால் அந்த அறை பழுது என்று பொருள். அந்தப் பாட்டரியை நம்பிக் குளிர்காலத்தைத் தாண்ட வேண்டாம்.

கார் பாட்டரி: போகுமுன் செய்ய வேண்டியவை

1. கிளம்புவதற்கு முதல் நாள் பாட்டரி கடையிலோ, வீட்டில் சார்ஜர் இருந்தால் வீட்டிலோ முழுவதும் சார்ஜ் செய்யுங்கள். கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு வேகம் போதும். 35 ஆம்பியர்-மணி பாட்டரிக்கு 3.5 ஆம்பியர். ஊருக்குள் நின்று நின்று ஓட்டுவதால் மட்டும் பாட்டரி நிறையாது.

2. சார்ஜ் செய்யும்போது ஹைட்ரஜன் வாயு வெளிவரும். நெருப்புப்பொறி பட்டால் வெடிக்கும். சமையலறையிலும், பூஜை விளக்கு எரியும் அறையிலும், ஹீட்டர் வைத்த மூடிய அறையிலும் சார்ஜ் செய்யாதீர்கள். காற்றோட்டமான பால்கனி நல்லது.

3. மூடி திறக்கும் வகையானால் தண்ணீர் மட்டம் பாருங்கள். டிஸ்டில்டு வாட்டர் மட்டும்தான் ஊற்ற வேண்டும். குழாய்த் தண்ணீரும், ஆர்.ஓ. தண்ணீரும் கூடாது. தகடு வெளியே தெரிந்தால் அது மூழ்கும் அளவுக்கு முதலில் ஊற்றி, சார்ஜ் முடிந்தபின் குறி வரை நிரப்புங்கள். கிராவிட்டி குறைவாக இருக்கிறது என்று சிலர் அமிலம் ஊற்றுவார்கள். செய்யவே கூடாது. கந்தகச் சத்து தகட்டில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சார்ஜ் செய்தால் அது தானே திரும்பும்.

4. டெர்மினலில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால், சமையல் சோடா கரைத்த நீரில் பழைய பல்துலக்கியை நனைத்துத் தேய்த்துத் துடைத்து, உலர்ந்தபின் வாஸலின் தடவுங்கள். சோடா நீர் பாட்டரிக்குள் போகக் கூடாது. பாட்டரியின் தலையில் ஈரமும் அழுக்கும் இருந்தால் அதன் வழியாகவும் சார்ஜ் கசியும்.

5. நெகடிவ் முனையின் கம்பியைக் கழற்றி, அது மறுபடி முனையைத் தொடாதபடி துணி சுற்றி வையுங்கள். இந்த ஒரு வேலைக்கு 10 நம்பர் ஸ்பானர் ஒன்று போதும். பெரும்பாலான கார்களில் அதுதான் சேரும். முழுப் பாட்டரியையும் எடுப்பதானால் முதலில் நெகடிவ், பிறகு பாசிடிவ். மாட்டும்போது முதலில் பாசிடிவ், கடைசியில் நெகடிவ். இந்த வரிசை மாறினால் ஸ்பானர் வண்டியின் உடலில் பட்டுப் பொறி பறக்கலாம்.

கழற்றுமுன் இரண்டு விஷயம் பார்த்துக்கொள்ளுங்கள். சில கார்களில் ரேடியோவுக்கு ரகசிய எண் கேட்கும். அதைக் குறித்து வையுங்கள். பாட்டரி இல்லாவிட்டால் அலாரமும் ரிமோட் பூட்டும் வேலை செய்யாது. கதவைச் சாவியால் பூட்டுங்கள்.

பக்கத்து வீட்டுக்காரரிடம் சாவியைக் கொடுத்து, "வாரம் ஒருமுறை ஐந்து நிமிஷம் ஸ்டார்ட் செய்து அணைத்துவிடுங்கள்" என்று சொல்பவர்கள் உண்டு. நல்லெண்ணத்தில் செய்யும் காரியம், பலன் இல்லை. ஸ்டார்ட் செய்ய எடுத்ததை, நின்றபடி ஐந்து நிமிஷம் ஓடும் என்ஜின் சரியாகத் திருப்பிக் கொடுக்காது. சைலன்சரில் ஈரம்தான் சேரும். ஓட்டத் தெரிந்தவரானால் அரை மணி நேரம் வெளியே ஓட்டி வரச் சொல்லுங்கள். மூடிய காரேஜுக்குள் என்ஜினை ஓடவிடுவது உயிருக்கே ஆபத்து. அறைக்குள் அங்கீட்டி வைத்துத் தூங்கியவர்கள் எழுந்திருக்காமல் போவது ஒவ்வொரு குளிர்காலமும் செய்தித்தாளில் வருகிறது. அதே கார்பன் மோனாக்ஸைடுதான் இங்கேயும்.

இன்வெர்ட்டர்: மெயின் சுவிட்சில் ஒரு கண்ணி

ஊருக்குப் போகும்போது 'பத்திரமாக இருக்கட்டும்' என்று மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போவது நம்மில் பலருக்குப் பழக்கம். அங்கேதான் வம்பு. மெயினை அணைத்தால், கரண்ட் போய்விட்டது என்று நினைத்து இன்வெர்ட்டர் உடனே பாட்டரியிலிருந்து வேலையை ஆரம்பித்துவிடும். எங்கேயோ ஒரு இரவு விளக்கு, வை-ஃபை பெட்டி, டி.வி.யின் சிவப்புப் புள்ளி இருந்தால் அவற்றுக்கு மின்சாரம் தரும். ஒன்றுமே இல்லாவிட்டாலும் இன்வெர்ட்டர் தானே விழித்திருப்பதற்குக் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். ஓரிரு நாளில் பாட்டரி காலி. பிறகு மீதி நாளெல்லாம் பட்டினி. கார் பாட்டரியைவிட விலை கூடிய பாட்டரி இப்படித்தான் பல வீடுகளில் வீணாகிறது.

சரியான முறை இது. தண்ணீர் மட்டம் சரிபாருங்கள். முழு சார்ஜ் ஆனதைக் காட்டும் விளக்கு வந்தபிறகு இன்வெர்ட்டரின் முன்பக்க சுவிட்சை அணையுங்கள். அதன் பிறகே மெயினை அணையுங்கள். ஒரு மாதத்துக்கு மேல் போவதானால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பாட்டரியின் நெகடிவ் கம்பியையும் கழற்றச் சொல்லுங்கள். ஃபிரிட்ஜ் முதலியவற்றுக்காக மெயினை அணைக்காமல் போகிறவர்களுக்குக் கவலை இல்லை. பெரும்பாலான இன்வெர்ட்டர்கள் தாமே பாட்டரியை நிறைவாக வைத்துக்கொள்ளும். தண்ணீர் மட்டம் மட்டும் சரியாக இருக்கட்டும்.

வீட்டில் பெரியவர்களுக்கு ஆக்ஸிஜன் கருவியோ, நெபுலைசரோ இன்வெர்ட்டரை நம்பி இருந்தால், திரும்பி வந்த முதல் நாளே மெயினை அணைத்து, அந்தக் கருவியை ஓடவிட்டு எத்தனை நேரம் தாங்குகிறது என்று பாருங்கள். பால்கனியில் உள்ள பாட்டரி ஜனவரியில், ஆகஸ்டில் தந்ததைவிடக் குறைந்த நேரமே தரும்.

ஸ்கூட்டரும் மின்சார வண்டியும்

ஸ்கூட்டர், மோட்டார் சைக்கிளின் பாட்டரி மிகச் சிறியது. அதனால் சீக்கிரம் தீரும். முன்பெல்லாம் உதைத்துக் கிளப்பிவிடலாம். இப்போது பல வண்டிகளில் உதைக்கும் கம்பியே இல்லை. பாட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் ஒரு மூலையில் வைத்துவிட்டுப் போவது சுலபம். இவை பெரும்பாலும் மூடி திறக்காத வகை. தண்ணீர் ஊற்றுகிறேன் என்று நோண்ட வேண்டாம்.

மின்சார ஸ்கூட்டரின் லித்தியம் பாட்டரிக்குச் சட்டம் வேறு. அதற்கு நிறைந்த வயிறும் ஆகாது, வெறும் வயிறும் ஆகாது. பாதி அல்லது அதற்குச் சற்று மேல் சார்ஜில் வைத்துவிட்டுப் போவது நல்லது. பூஜ்யம் டிகிரிக்குக் கீழே அதைச் சார்ஜ் செய்யக் கூடாது. உள்ளே நிரந்தரமான கெடுதல் ஆகும். சிம்லா, மணாலிப் பக்கம் இருப்பவர்கள் வீட்டுக்குள் கொண்டுவந்து, அறைச் சூட்டுக்கு வந்தபிறகு சார்ஜ் செய்யலாம். வண்டியோடு வந்த புத்தகத்தில் சொல்லியிருப்பதே இறுதித் தீர்ப்பு.

பனி பெய்யும் இடங்களில் இருப்பவர்களுக்கு

ராணுவத்திலும், மத்திய அரசு வேலையிலும் இருந்து லடாக், காஷ்மீர், இமாசலத்தில் குளிர்காலத்தைக் கழிக்கும் நம் குடும்பங்கள் உண்டு. லேயில் ஜனவரி இரவுகளில் பூஜ்யத்துக்குக் கீழே 15 டிகிரி என்பது சாதாரணம். அங்கே விஷயம் 'டிக் டிக்' சத்தத்தோடு நிற்பதில்லை, பாட்டரியே உறைந்துவிடும்.

முன்னே சொன்னதை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். நிறைந்த பாட்டரியில் கெட்டியான அமிலம். அது உறைவதற்குப் பூஜ்யத்துக்குக் கீழே 50 டிகிரிக்கும் மேல் இறங்க வேண்டும். பாதி காலியானது சுமார் 23 டிகிரி இறங்கினால் உறையும். முழுவதும் காலியானது 10 டிகிரி இறங்குமுன்பே உறைந்துவிடக்கூடும். ஒரே வாசலில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இரண்டு வண்டிகளில் ஒன்று தப்பிப்பதும் மற்றொன்று வெடித்து நிற்பதும் இதனால்தான். நீர் உறைந்தால் பருக்கும். தகடுகள் வளையும், பெட்டி விரியும். பனி உருகும்போது விரிசல் வழியே அமிலம் ஒழுகும்.

பாட்டரியின் பக்கங்கள் உப்பியிருந்தாலோ, அசைத்தால் உள்ளே நீர் ஆடும் சத்தம் கேட்காவிட்டாலோ, அது உறைந்திருக்கலாம். அதைச் சார்ஜ் செய்யவோ, இன்னொரு வண்டியிலிருந்து கம்பி போட்டுக் கிளப்பவோ கூடாது, வெடிக்கும். வெந்நீர் ஊற்றவும் கூடாது. வீட்டுக்குள் வைத்து மெதுவாக இளகவிட்டு, விரிசல் இருக்கிறதா என்று பார்த்த பிறகே அடுத்த வேலை. கையில் ரப்பர் உறையும், கண்ணுக்குக் கண்ணாடியும் அவசியம்.

மலைப்பக்கம் இருப்பவர்களுக்கு இன்னொன்று. தண்ணீர் ஊற்றிவிட்டுச் சார்ஜ் செய்யாமல் வைக்காதீர்கள். ஊற்றிய தண்ணீர் அமிலத்தோடு கலக்காமல் மேலேயே நின்று உறைந்துவிடும். லேயில் ஓட்டுநர்கள் மாலையில் பாட்டரியைக் கழற்றி அறைக்குள் கொண்டுபோவதைப் பார்த்திருக்கிறேன். நல்ல பழக்கம். ஆனால் புகாரி அடுப்பு எரியும் அறையில் சார்ஜ் மட்டும் செய்யக் கூடாது.

கனடாவிலும் அமெரிக்காவிலும் காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் 'கேம்பர் டிரெய்லர்' என்ற சிறு வீட்டு வண்டி வைத்திருப்பவர்கள், ஐந்தாறு மாதக் குளிர்காலம் முழுவதும் அதை நிறுத்தி வைக்கிறார்கள். அவர்கள் செய்வதும் இதுதான். முழுவதும் சார்ஜ் செய்கிறார்கள். கழற்றி வீட்டின் கீழ்த்தளத்தில் வைக்கிறார்கள். மாதம் ஒருமுறை மீட்டர் வைத்துப் பார்த்து, 12.4-க்குக் கீழே போனால் மறுபடி சார்ஜ் செய்கிறார்கள். கழற்றாமல் விட்டால், வண்டிக்குள் இருக்கும் காஸ் கசிவுக் கருவி ஒன்றே பாட்டரியைக் குடித்துவிடும். ஐந்து மாதத்துக்கும் பனிக்கும் போதுமான முறை, நம் ஒரு மாதத்துக்குத் தாராளமாகப் போதும். அங்கே பிள்ளைகள் இருக்கும் அன்பர்கள் இதை அவர்களுக்கும் எழுதலாம்.

திரும்பி வந்ததும்

வீட்டுக்கு வந்த அன்றே நெகடிவ் கம்பியை மாட்டி, வண்டியை ஒருமுறை கிளப்பி, அரை மணி நேரம் ஓட்டிவிடுங்கள். நள்ளிரவு அவசரம் வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

வண்டி கிளம்பாமல் அடுத்தவர் வண்டியிலிருந்து கம்பி போட வேண்டி வந்தால் வரிசை இது. சிவப்புக் கம்பி முதலில் உங்கள் பாட்டரியின் பாசிடிவில். மறுமுனை நண்பர் பாட்டரியின் பாசிடிவில். கறுப்புக் கம்பி நண்பர் பாட்டரியின் நெகடிவில். மறுமுனை உங்கள் பாட்டரியில் அல்ல, அதற்குத் தள்ளி என்ஜினின் பெயின்ட் இல்லாத உலோகப் பகுதியில். கடைசி இணைப்பில் பொறி வரும். அது பாட்டரியின் வாயுவுக்கு அருகில் வரக் கூடாது என்பதற்காகத்தான் இந்த ஏற்பாடு.

"பாட்டரியைத் தரையில் வைத்தால் சார்ஜை இழுத்துக்கொள்ளும், பலகை போடு" என்று பெரியவர்கள் சொல்வார்கள். மரப்பெட்டி, ரப்பர் பெட்டி பாட்டரி இருந்த காலத்துப் பேச்சு அது. இன்றைய பிளாஸ்டிக் பெட்டிக்குத் தரை ஒன்றும் செய்யாது. குழந்தைகள் கைக்கு எட்டாமல், நிமிர்ந்த நிலையில் வைத்தால் போதும்.

செத்த பாட்டரியைக் கபாடிவாலாவிடம் போட்டுவிடாதீர்கள். அதை உடைத்து ஈயத்தை உருக்குகிற இடங்களில் வேலை செய்பவர்களின் குழந்தைகளுக்கு உடம்பில் ஈயம் ஏறுகிறது. புதிய பாட்டரி விற்கும் கடைக்காரர் பழையதை எடுத்துக்கொண்டு விலையில் கழித்துக்கொள்வார். 2001-இலிருந்தே இதற்கு விதிகள் உண்டு. 2022-இல் புதிய விதிகளும் வந்துவிட்டன.

மொத்தத்தில் கிளம்பும் நாளுக்கு முன் ஒரு மணி நேர வேலை: நிறைய சார்ஜ் செய்யுங்கள், நெகடிவைக் கழற்றுங்கள், இன்வெர்ட்டரை அணைத்த பிறகு மெயினை அணையுங்கள். துளசிக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லும் அந்தப் பட்டியலில் இவற்றையும் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிடுங்கள். பொங்கல் முடித்து வரும் அன்பர்களின் வண்டிகள் முதல் சாவியிலேயே கிளம்ப வேண்டும் என்பது என் ஆசை. ஐயம் இருப்பவர்கள் சங்கத்தில் பார்க்கும்போது தயங்காமல் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.